எம்புட்டு சூடு தாங்கும்?

டயர்க்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சுவரில் மாட்டியிருப்பதைப் படியுங்கள். ஆனால் ஒரு வரி அறிவுரையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கூடவே ஒரு கதையும், அதில் சொல்கிறவன் நான்கு பேர் முன்னால் அசடு வழிகிற கட்டமும் இருந்தால்தான் நிற்கும். இரண்டும் என் கைவசம் உண்டு.

விருதுநகரில் மதுரை ரோட்டுக் கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் எப்போதும் யாருடைய டயராவது உட்கார்ந்திருக்கும். போன வருஷம் முழங்கால் இரண்டும் சேர்ந்து முடிவெடுத்து எனக்கு ஓய்வு கொடுத்தன.

ஜாக்கியை எங்கே கொடுப்பது, ரிம்மில் கீறல் விழாமல் எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் டயர் கம்பெனிக்காரர்கள் ஓட்டலில் கூட்டம் போட்டு, மதியம் பிரியாணியும் போட்டுச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது பிரியாணி போடாத பாடம். வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். ஒன்று கேட்கிறார். அதற்குப் பதில் தெரியாது என்பது அந்த நிமிஷம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்போது என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் கடை லாரியால் வாழ்ந்த கடை. சிவகாசி, திருத்தங்கல் பக்கத்துப் பட்டாசு லோடு, தீப்பெட்டி லோடு, அச்சாபீஸ் காகித லோடு எல்லாம் எங்கள் டயரில்தான் வட இந்தியா போயின. லாரிக்காரர் எடை தாங்குமா என்று கேட்பார், ரீட்ரெடிங் எத்தனை முறை போடலாம் என்று கேட்பார். வேகத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார். ஆகவே கார் டயரின் பக்கவாட்டில், அளவுக்குப் பின்னால், எடைக்கான எண்ணை ஒட்டி ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும் என்பதும், அது வேகக் குறியீடு என்பதும் எனக்கு ஒரு செய்தியாகத்தான் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று தெரிவதைப் போல. அதுவரை காய்ச்சல் வரவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கடையில் வியாபாரம் ஓய்ந்த மதிய நேரங்களில் டயர் அடுக்கின் மேல் சாய்ந்து தடித்தடியான நாவல்களாகப் படித்துத் தள்ளியவன் நான். அறுநூறு பக்கம், எண்ணூறு பக்கம் எனக்கு ஒரு பொருட்டில்லை. தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த ஒரே ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை.

ஏழெட்டு வருஷம் முன்பு ஒரு வியாழக்கிழமை காலை. கடை வாசலில் ஒரு கறுப்பு ஜெர்மன் கார் வந்து நின்றது. இறங்கியவர் எங்களுடைய பெரிய லாரி வாடிக்கையாளர், திருத்தங்கலுக்குப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெங்களூரில் ஒருவர் மூன்று வருஷம் ஓட்டி அலுத்துப்போன காரை வாங்கி, முந்தின நாள்தான் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசி முப்பது கிலோமீட்டரில், ஆமத்தூர் விலக்கு தாண்டி ஒரு பள்ளம் அவரை வரவேற்றிருக்கிறது. முன்பக்கத்து டயர் ஒன்றின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். மற்ற மூன்றும் பட்டன் தேய்ந்து, என் தலையைப் போல் வழுவழுவென்று இருந்தன.

“தம்பி, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மெட்ராஸ் கெளம்புறேன். மூணு மணிக்கு விசாரணை. நாலு டயரும் இன்னைக்கே மாட்டிக் குடு.”

விசாரணை என்னவென்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இரண்டு வாரம் முன்பு சோதனைக்கு வந்த அதிகாரிகள், ஒரு ஷெட்டில் அனுமதிக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்ததைப் பார்த்து அவருடைய கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நாளைய விசாரணைக்கு முதலாளியும், கம்பெனியின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஃபோர்மேனும் சேர்ந்து வந்து நிற்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த தேதி தீபாவளிக்குப் பிறகுதான். தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனியைத் திறப்பது, தாலி கட்டி முடிந்த பிறகு பந்தக்கால் நடுவதைப் போன்றது.

“எட்டு மணிக்குக் கெளம்பினா மூணு மணிக்குள்ள போயிருவீகளா அண்ணாச்சி?”

“ரெண்டு மணிக்கே போயிருவேன். சாப்பிட்டு, தாம்பூலம் போட்டுட்டுத்தான் ஆபீசுக்குள்ள நுழைவேன். இது என்ன ஒன் வண்டியா?”

என் வண்டி கடையோரம் வேப்பமரத்தடியில் நின்றது. பதினோரு வயதான சின்னக் கார். அதற்குக் காது கேட்டிருக்காது என்று நம்பினேன்.

பழைய டயரில் இருந்த எழுத்து W. தொலைபேசியில் நாலு ஊரைக் கேட்டேன். அந்த அளவில் W திங்கட்கிழமைக்கு முன்னால் கிடைக்காது. மதுரையில் ஒருவர் மட்டும், “அதே சைஸ் இருக்கு. ஒரு செட்டு H, ஒரு செட்டு T. எது அனுப்ப?” என்றார்.

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். எது உசத்தி என்று அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்த அனுபவஸ்தன், மதுரைக்காரரிடம் போய்க் கேட்பதா? மனதுக்குள் ஆங்கில நெடுங்கணக்கை ஓட்டிப் பார்த்தேன். H எங்கேயோ முன்னால் கிடக்கிறது. T-யோ W-வுக்கு மூன்று வீடு தள்ளி.

“T அனுப்புங்க” என்றேன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவற்றை நல்ல கணீர்க்குரலில்தான் செய்திருக்கிறேன்.

அண்ணாச்சி கேட்டார்: “இது ஸ்பீடு தாங்குமா தம்பி?”

“நம்ம ரோட்டுக்கு இதுவே தாராளம் அண்ணாச்சி.”

புதியவர்களே, அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் எண் இருப்பவன் எண்ணைச் சொல்வான். எண் இல்லாதவன்தான் தாராளம் என்பான்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பஸ்ஸில் டயர்கள் வந்து இறங்கின. கடை முதலாளி பாய், “பாத்துக்கய்யா” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நாலையும் மாட்டி முடித்துவிட்டோம். பில் மட்டும் பாக்கி.

அப்போதுதான் அந்த ஃபோர்மேன் வந்தார். திருத்தங்கலிலிருந்து பஸ்ஸில், விசாரணைக்கான ஃபைல் கட்டைக் காரில் வைத்துவிட்டுப் போக. நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. பருத்திச் சேலை. ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் நைலான் கட்டமாட்டார்கள். உரசினால் பொறி வரும். அவர் கடைக்குள் நுழையுமுன் வாசல் ஷட்டரின் இரும்பில் உள்ளங்கையை ஒரு நொடி பதித்துவிட்டு வந்தார். பட்டாசு ஷெட் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இருபது வருஷப் பழக்கம், டயர்க்கடை என்று பார்க்குமா?

ஸ்டெப்னியில் காற்று பார்ப்பதற்காக எங்கள் ஃபிட்டர் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு ஜமுக்காளம். ஜமுக்காளத்துக்கு அடியில் ஆறு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்.

ஃபிட்டர் ஜமுக்காளத்தை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

“இது என்ன அண்ணாச்சி?” என்றார் ஃபோர்மேன்.

“மெட்ராஸ்ல மச்சினன் வீடு, சம்பந்தி வீடு எல்லாம் இருக்குல்லா. சீசன்ல சிவகாசிக்காரன் வெறுங்கைய வீசிட்டுப் போனா என்ன நெனைப்பாக?”

“பாதுகாப்பு விசாரணைக்குப் போற வண்டியில வெடியா?”

“ஆபீசுக்குள்ளயா கொண்டு போகப் போறேன்? டிக்கிக்குள்ளதான இருக்கு.”

“அன்னைக்கு அந்தக் கூடுதல் ஆளுகளும் ஷெட்டுக்குள்ளதான் இருந்தாக.”

அண்ணாச்சி வேப்பமரத்தைப் பார்த்தார். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். மற்றவர்கள் கையில் ஆப்பிள் கொண்டுபோகிற இடத்துக்கு எங்கள் பக்கத்துக்காரர்கள் இதைத்தான் கொண்டுபோவார்கள். அவர் தப்பு செய்வதாகவே நினைக்கவில்லை. மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்.

ஃபோர்மேன் ஆறு பெட்டியையும் ஒவ்வொன்றாக எடுத்து நிழலில், தனியாக, வெறுந்தரையில் வைத்தார். திரும்பி வரும்போது பின்பக்கத்துப் புது டயரின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் நின்ற வண்டி. கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இந்த டயரு எம்புட்டு சூடு தாங்கும்?”

எத்தனையோ பேர் அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டிருக்கிறார்கள், விலையைக் குறைப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள், ஒருவர் ஜாதகம் பார்த்து எந்தக் கிழமை மாட்டலாம் என்றுகூடக் கேட்டார். இதை யாரும் கேட்டதில்லை.

“தாராளமா தாங்கும்மா” என்றேன்.

“தாராளம்னா எம்புட்டு? எங்க ஷெட்டுல ஒருத்தர் தாராளம்னு சொன்னா, அன்னைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிருவேன்.”

“சூட்டுக்குன்னு இதுல ஒண்ணும் போடலை. ஸ்பீடுக்குத்தான் எழுத்துப் போட்டிருக்கு.”

“ஸ்பீடு கூடினா எதுண்ணே கூடும்? சூடுதான கூடும். அந்த எழுத்து சூட்டுக்குத்தான் இருக்கும். ஸ்பீடுன்னு சொன்னா ஆம்பளைக பெருமையா வாங்குவாகன்னு அப்பிடிப் பேரு வச்சிருப்பாக.”

கார் டயரைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விளக்கம் இதுதான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இதோடு சேர்த்துச் சொல்கிறேன். உருளும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடத்தில் நெளிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் கை சுடுகிறதே, அதே கதை. வேகம் கூடக்கூட நெளிவும் அவசரமாகிறது. உள்ளே சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில் எதுவரைக்கும் ரப்பரும் இழையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. அதுவும் புது டயருக்கு, சரியான காற்றுக்கு, சரியான எடைக்கு. காற்றுக் குறைந்தாலோ, எடைக்கான எண்ணை மீறினாலோ, எழுத்து கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் வேகக் குறியீட்டு அட்டவணை ஒன்றை டயர் கம்பெனிக்காரர் எப்போதோ கொண்டுவந்து சுவரில் ஒட்டியது மட்டும் அப்போது நினைவுக்கு வந்தது. எந்தச் சுவர்?

காலண்டர் தொங்கிய சுவர்.

சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டர், பெரிய முருகன் படத்தோடு, வருஷா வருஷம் அண்ணாச்சி கொடுப்பது. வருஷம் முடிந்தால் தாளெல்லாம் கிழிந்து போகும். முருகன் மட்டும் மிஞ்சுவார். சாமி படத்தைக் கழற்றிக் குப்பையில் போட எனக்குத் துணிவில்லை. வாடிக்கையாளர் கொடுத்ததைக் கழற்ற பாய்க்கு மனமில்லை. அதே ஆணியில் புதியதை மாட்டிவிடுவோம். அப்படி ஏழு வருஷத்து முருகன்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ஏழு பேரையும் பயபக்தியோடு இறக்கினேன். அட்டவணை கண்ணுக்குத் தெரிந்தது, கசங்காமல், ஒட்டிய நாளின் நிறத்தோடு.

S மணிக்கு நூற்று எண்பது கிலோமீட்டர். T நூற்றுத் தொண்ணூறு. U இருநூறு. அதற்குப் பிறகு, யாரோ பந்தியில் இடம் மாறி உட்கார்ந்ததைப் போல, H: இருநூற்றுப் பத்து. பிறகு V இருநூற்று நாற்பது, W இருநூற்று எழுபது.

நெடுங்கணக்கு வரிசை என்று நான் நம்பியது அந்த ஓரிடத்தில் பொய்த்தது. நான் விழுந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். இருப்பதிலேயே நல்லதென்று நான் வரவழைத்த டயர், மதுரைக்காரர் சொன்ன இரண்டில் மட்டமானது. காருக்கு விதித்ததைவிட எண்பது குறைவு.

“அண்ணாச்சி,” என்றேன், “பெங்களூர்ல இருந்து வரும்போது எம்புட்டுல வந்தீக?”

அண்ணாச்சியின் முகம் வெகுநேரத்துக்குப் பிறகு மலர்ந்தது. “கிருஷ்ணகிரி தாண்டி நூத்தி எண்பது. உள்ள இருந்த தண்ணி பாட்டில் ஆடலை, பாத்துக்க.”

“பத்துதான் மிச்சம்” என்றார் ஃபோர்மேன். “ஏறு வெயில்ல, ஆளை ஏத்திக்கிட்டு, பத்து. நான் இதுல ஏறலை அண்ணாச்சி.”

“ஏறலைன்னா? நீ வரலைன்னா விசாரணை எப்பிடி நடக்கும்?”

“சட்டத்துல எத்தனை பேர் உக்காரணும்னு போட்டிருந்துச்சோ அதுக்கு மேல உக்கார வச்சோம். இதுல எம்புட்டுன்னு போட்டிருக்கோ அதுக்கும் மேல போறேங்கிறீக. எத்தனை இடத்துலதான் அண்ணாச்சி நான் பொறுப்பேத்துக்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு அங்கே நிற்கப் போவது கம்பெனியின் உரிமம் மட்டுமல்ல. ஆட்களைக் கூடுதலாக உட்கார வைத்தது ஃபோர்மேன் என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாளின் சான்றிதழ் போய்விடும். பிறகு எந்த ஷெட்டிலும் அவர் ஃபோர்மேனாக நிற்க முடியாது.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. வாயை மூடிக்கொள்வது ஒன்று. எண்பதில், நூறில் போங்கள், ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்புவது இன்னொன்று. இரண்டாவது பார்க்க யோக்கியமாக இருக்கிறது; உண்மையும்கூட. நூறில் போனால் அந்த டயர் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த யோசனையைக் கேட்க வேண்டியது அண்ணாச்சியின் காது அல்ல, கால். முன்னால் ஒரு வண்டி போவதைச் சகிக்காத கால் அது. நாம் கொடுக்கிற டயரை யார் எப்படி ஓட்டுவார் என்று நமக்குத் தெரிந்திருந்தால், தெரியாதவன் மாதிரி விற்கக் கூடாது.

மூன்றாவது வழியை ஃபிட்டரிடம் சொன்னேன். “கழட்டிருப்பா. நாலையும்.”

“ஏலே, என்னையக் கேக்காம என் வண்டியில கை வைக்கியா?” தம்பி போய் ஏலே வந்துவிட்டது.

“பில் போடலை அண்ணாச்சி. டயரு இன்னும் எங்க கடைச் சரக்குதான்.”

“நாளையில இருந்து எங்க லாரி ஒண்ணுகூட இந்தப் பக்கம் வராது. எதுத்த கடைக்குப் போகும். ஒன் மொதலாளிகிட்ட நீயே சொல்லிக்க.”

சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. முதலாளி வந்துகொண்டிருந்தார். தலைத் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வந்த பாய் பார்த்த காட்சி இது: நான்கு ஜாக்கியில் சக்கரமில்லாமல் நிற்கும் ஜெர்மன் கார், டயர் அடுக்கின் மேல் கோபத்தோடு அண்ணாச்சி, நிழலில் ஆறு வெடிப் பெட்டிக்குக் காவலாக ஒரு பெண்மணி, ஏழு முருகன்களைக் கையில் ஏந்தியபடி நான்.

“முக்கால் மணி நேரம்தானய்யா ஆச்சு” என்றார்.

“தப்பு என்னோடது பாய். H-க்கு மேல T-ன்னு நெனச்சு வரவழைச்சிட்டேன். மாட்டியும்புட்டேன். இப்பக் கழட்டிட்டேன்.”

பாய் சுவருக்குப் பக்கத்தில் போய் அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். “இது இங்கனயா இருந்துச்சு?” என்று ஒரு கேள்வி. பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். அவருடைய லாரிகள் போனால் எங்கள் கடையில் பாதி போய்விடும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

“கழட்டுனது சரிதான் அண்ணாச்சி. மாட்டுனதுதான் தப்பு. திங்கக்கெழமை சரியான டயரு வந்துரும், நானே நின்னு மாட்டித் தாறேன்.”

நீங்கள் வேலைக்குச் சேரும் கடையில் இப்படி ஒரு முதலாளி வாய்த்தால் சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

மறுநாள் எப்படிப் போவது? நல்ல முகூர்த்த நாள். வாடகைக் கார் எல்லாம் கல்யாண மண்டப வாசலில். அண்ணாச்சியின் இன்னொரு காரை மகன் ஆர்டர் பிடிக்க ஹைதராபாத் கொண்டு போயிருந்தார். ரயிலிலும் பஸ்ஸிலும் இடமில்லை. ஃபோர்மேன் வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

“அந்தா நிக்குதே, அது யாரு வண்டி?”

“என்னோடதும்மா.”

“அதுல என்ன எழுத்து?”

குனிந்து பார்த்தேன். T.

“வண்டி எம்புட்டு போகும்?”

“இறக்கத்துல, பின்னால இருந்து காத்தடிச்சா, நூத்தி இருபது.”

“அப்ப எழுபது மிச்சம் இருக்கு. அதுலயே போவோம்.”

ஒரு வண்டிக்கு அவமானமான எழுத்து இன்னொரு வண்டிக்கு ஆஸ்தி. உசந்த எழுத்தை வாங்கிப் போட்டால் வண்டி வேகமாகப் போகாது. வண்டிக்கு விதித்ததைவிடத் தாழ்ந்ததைப் போட்டால் அதன் வேகம் குறையவும் செய்யாது. அதனால் எழுத்தைக் கடையில் தேடாதீர்கள். வண்டியில், கதவோரத்து ஸ்டிக்கரில் தேடுங்கள். நாலில் ஒன்று தாழ்ந்ததாக இருந்தாலும் நாலுக்கும் அதுதான் எல்லை.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம், வெடிப் பெட்டி இல்லாமல். முன்சீட்டில் அண்ணாச்சி, முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட. எண்பதுக்கு மேல் நான் அழுத்தவில்லை.

“தம்பி, முட்டை ஏத்திட்டுப் போறவன் நம்மளத் தாண்டிட்டான்.”

“போகட்டும் அண்ணாச்சி.”

“அவன் டயர்ல என்ன எழுத்து?”

பின்சீட்டிலிருந்து ஃபோர்மேன் சிரித்தார். அந்தப் பயணத்தில் வந்த ஒரே சிரிப்பு. மற்ற நேரமெல்லாம் அவர் ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். திருச்சி தாண்டி டீக்கு நிறுத்தியபோது இறங்கி, நான்கு டயரையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் வாங்கினார்.

விழுப்புரம் தாண்டி, அவர் கண்ணயர்ந்த நேரத்தில், அண்ணாச்சி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“நேத்து, தப்பு என்னோடதுன்னு பாய்கிட்டப் பட்டுன்னு சொன்னேல்ல. சொல்லாம இருந்திருந்தா அந்த மதுரைக்காரன் மேல போட்டிருக்கலாம்லா?”

“போட்டிருக்கலாம் அண்ணாச்சி. எது அனுப்பணும்னு அவரு கேட்டாரு. நான்தான் சொன்னேன்.”

“ம்” என்றார். பிறகு சென்னை வரைக்கும் எந்த வண்டி தாண்டினாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கெல்லாம் ஆபீஸ் வாசலில் நின்றோம். அண்ணாச்சி சாப்பிட்டார், தாம்பூலம் போடவில்லை. மூன்று மணிக்கு இருவரும் உள்ளே போனார்கள். ஃபோர்மேன் இரும்பு கேட்டில் உள்ளங்கையைப் பதித்துவிட்டு நுழைவதைப் பார்த்தேன். ஒரு நாவல் கொண்டுபோயிருந்தேன். ஒரே பக்கத்தை ஒன்றே முக்கால் மணி நேரம் படித்தேன்.

வெளியே வந்தபோது அண்ணாச்சி வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அபராதம் போட்டிருக்காக. ஷெட்டு ஒண்ணை இடிச்சுப் பெருசாக் கட்டணும். பத்து நாள்ல தெறந்துக்கலாம்.”

“ஃபோர்மேனுக்கு?”

“அந்தம்மாவுக்கு என்ன? ஆளைக் கூட்டி உக்கார வச்சது நான்தான்னு சொல்லிட்டேன். வேண்டாம்னு அந்தம்மா சொல்லியும் தாராளமா உக்காரலாம்னது நான்தான?”

ஃபோர்மேன் ஃபைலைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து, நான்கு டயரையும் ஒருமுறை தொட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை W வந்தது. பாய் சொன்னபடி பக்கத்தில் நின்றார், மாட்டினோம். அண்ணாச்சியின் லாரிகள் எதிர்க் கடைக்குப் போகவில்லை. பழைய முருகன்கள் ஆறு பேரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த வருஷத்துக்காரரை எதிர்ச்சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்து மாட்டினேன்.

பில் போடப் பேனாவை எடுத்தேன். அண்ணாச்சி கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்: “தம்பி, இது எம்புட்டு சூடு தாங்கும்?”

நாலு நாளில் அந்த அட்டவணை எனக்குத் தலைகீழ்ப் பாடம் ஆகியிருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். இருந்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு, திரும்பி, சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.